பிளஸ் எந்தப் பக்கம்

ஏப்ரல் 3, வியாழன்

இன்ஷூரன்ஸ்காரர் ஜனவரியில் கொடுத்த டைரி. மூன்று மாதமாக டிவி மேல் கிடந்து தூசி தின்றது. தூக்கம் வருவதில்லை என்று டாக்டரிடம் போனால், மனசில் இருப்பதை எழுதிப் பாருங்கள் என்கிறாள் அந்தப் பெண். அவளுக்கு முப்பது வயதுகூட இருக்காது. என் மனசில் என்ன இருக்கப் போகிறது, ரிப்பேருக்கு வரும் எலக்ட்ரானிக் போர்டுதான் இருக்கிறது. அதையே எழுதுகிறேன்.

இன்று ஊட்டியிலிருந்து போஜன் என்று ஒருவர் கடைக்கு வந்தார். ஏரிக்குப் பக்கத்தில் விளையாட்டுக் கூடம் வைத்திருக்கிறார். அங்கே ஒரு பழைய பின்பால் மெஷின் இருக்கிறதாம். சாய்வான கண்ணாடிப் பெட்டி, உள்ளே இரும்புக் குண்டு உருண்டு வரும், அது கீழே விழாதபடி இரண்டு பக்கமும் பொத்தானை அமுக்கிச் சின்ன மட்டைகளால் தட்டிவிட வேண்டும். மெஷினின் பவர் சப்ளையை மட்டும் டிரான்ஸ்பார்மரோடு கழற்றி, கம்பளியில் சுற்றி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார்.

"நல்லாத்தாம்மா ஓடும். ரெண்டு பொத்தானையும் ஒண்ணா அமுக்கினா செத்துரும். லைட்டெல்லாம் போயி மறுபடியும் மொதல்ல இருந்து ஆரம்பிக்கும். பசங்க ஸ்கோரு போயிருச்சுன்னு அழுவுது. மே மாசம் மலர்க் கண்காட்சிக்குக் கூட்டம் வரும், அதுக்குள்ள வேணும்."

நான் கம்பளியைப் பிரிப்பதற்குள் பில் மேஜையிலிருந்து பிலோமினா சொன்னாள்: "பெரிய கெப்பாசிட்டர் காஞ்சு போயிருக்குதுங்க."

பெட்டியைப் பார்க்கவே இல்லை. தலையையும் நிமிர்த்தவில்லை. சொன்னது சரியாகத்தான் இருக்கும், எனக்கே தெரியும். ஆனாலும் எரிச்சல் வந்தது. இவ்வளவு தெரிந்தவள் எதற்கு பில் போட்டுக்கொண்டு உட்கார வேண்டும்?

கடைக்குப் பெயர் வி.பி. போர்டு சர்வீஸ், கணபதி மெயின் ரோட்டில் மாடியில். வி நான், வசந்தாமணி. பி அவள். பாலிடெக்னிக்கில் ஒரே பெஞ்சு. திருப்பூர், பல்லடம் வரை எம்பிராய்டரி மெஷின் போர்டெல்லாம் எங்களிடம்தான் வரும். இரண்டு வருடமாக அவள், ஈயம் உருக்கி ஒட்டும் சால்டரிங் அயர்னைத் தொடுவதில்லை. விபத்தில் இடது கண் போய்விட்டது, அங்கே கண்ணாடிக் கண். ஈஸ்டர் முடிந்து மே முதல் தேதி குன்னூரில் சிஸ்டர்கள் நடத்தும் ஹாஸ்டலுக்கு வார்டனாகப் போகிறாள். தொழிலையே விடுகிறாள். முடிவு பண்ணிவிட்டாள்.

போகட்டும், அவளுக்கு எது நல்லதோ அது.

ஏப்ரல் 4, வெள்ளி

கார் பல்பை லோடாகப் போட்டு அளந்தேன். டிசி லைனில் ஏசி கொஞ்சம் ஆடுவது சகஜம். இங்கே இரண்டு வோல்ட்டுக்கு மேல் ஆடுகிறது. அவள் சொன்னதுதான். கெப்பாசிட்டர் என்பது மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டி மாதிரி. தொட்டி நிறைந்திருந்தால் இரண்டு பேர் ஒன்றாகக் குழாயைத் திறந்தாலும் தண்ணீர் நிற்காது. இந்தத் தொட்டி நாற்பது வருடத்தில் காய்ந்து பாதியாகிவிட்டது.

பழையது பன்னிரண்டாயிரம் மைக்ரோ, இருபது வோல்ட். இந்த அளவு இப்போது கடையில் கிடையாது. வேறு ஒன்றைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

"பத்தாயிரம் போட்டா ஆகாதா?" என்றேன், அவள் வாயைக் கிளறத்தான்.

"கொறைக்கக் கூடாது புள்ள. ஏத்தலாம். பதினஞ்சாயிரம் வரைக்கும் ஏத்து. இருபத்திரெண்டு போட்டயின்னா சுவிட்ச் போட்டதும் ஒரே இழுப்பா இழுக்கும், டயோடு போயிரும்."

"வோல்ட்டு?"

"பதினாறு வேண்டாம். ஊட்டியில ஒரு நேரத்துக்குக் கரண்டு ஏறும். முப்பத்தஞ்சு போடு. நூத்தஞ்சு டிகிரி சூடு தாங்கறதா வாங்கு." அப்புறம் குரல் இறங்கிவிட்டது. "நான் சொல்றேன்னு அப்படியே எடுத்துக்காத. நீ ஒருக்கா பாத்துக்க."

இந்த 'ஒருக்கா பாத்துக்க' இருக்கிறதே, இதைக் கேட்டதும் நான் மீட்டரை எடுத்துவைக்கப் போய்விட்டேன்.

ஏப்ரல் 5, சனி

கேஸ் சிலிண்டர் வந்தது. புளி கொட்டை எடுத்து வைத்தேன். வேறு விசேஷம் இல்லை.

ஏப்ரல் 7, திங்கள்

காந்திபுரத்துக்கு இரண்டு பேருமாகப் போனோம். நான் தனியாகப் போயிருக்கலாம். அவளை இழுத்துக்கொண்டு போனேன்.

கடைக்காரத் தம்பி மூன்று நான்கு எடுத்துப் போட்டான். ஒன்று பதினைந்தாயிரம், முப்பத்தைந்து வோல்ட், பளபளவென்று கறுப்பு உறை. நான் பையில் போடப் போனேன். பிலோமினா அதை வாங்கி உள்ளங்கையில் வைத்து ஏற இறங்க ஆட்டினாள், வெண்டைக்காய் வாங்குகிறவள் மாதிரி.

"தம்பி, இது லேசா இருக்குதே."

"புது டெக்னாலஜிங்க அக்கா."

உறையின் ஓரத்தில் நகத்தை விட்டு இழுத்தாள். உள்ளே இன்னொரு உறை. அதில் நாலாயிரத்து எழுநூறு என்று இருந்தது. பழைய இன்வெர்ட்டரிலிருந்து பிடுங்கி மேலே புதுச் சட்டை மாட்டியிருக்கிறார்கள்.

"சட்டை ரொம்ப நல்லா இருக்குது," என்று அவனிடமே திருப்பிக் கொடுத்தாள். "ஆளுதான் பழைய ஆளு."

"எங்களுக்கே இப்படித்தானுங்க அக்கா வருது." அவனுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. நானும் சிரித்தேன். எத்தனை நாளாயிற்று நாங்கள் சேர்ந்து சிரித்து.

பஸ் ஸ்டாப்பில் நின்றோம். பஸ் வந்தது. எதிரே, பத்தடி தூரத்தில், ஆள் உயரத்துக்கு நம்பர் போட்டிருக்கிறது. "எந்த பஸ்ஸு, நீயே பாரு புள்ள," என்கிறாள். அவள் வலது கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை, டாக்டர் எழுதியே கொடுத்திருக்கிறார். கடை பூட்டினால் மூன்று தரம் இழுத்துப் பார்க்கிறாள். அடுப்பை அணைத்துவிட்டு, அணைத்தேனா என்று வீட்டுக்காரர் சேவியருக்குப் போன் போட்டுக் கேட்கிறாள். உறைக்குள் இருந்த பொய்யைக் கையால் கண்டுபிடித்தவளுக்கு பஸ் நம்பரைப் படிக்கத் தைரியம் இல்லை.

கெப்பாசிட்டரைச் சென்னையில் தெரிந்த வியாபாரியிடம் சொல்லியிருக்கிறோம். கூரியரில் வரும்.

ஏப்ரல் 9, புதன்

எங்கள் கடையில் ஒரு முறை உண்டு, ஆரம்பித்த நாளிலிருந்து. ஒருத்தி கழற்றுவாள், கழற்றும் முன் நோட்டில் படம் வரைவாள்: எந்த இடத்தில் எது, பிளஸ் எந்தப் பக்கம். அடுத்தவள் அந்தப் படத்தைப் பார்த்துப் புதியதை வைத்துச் சால்டர் பண்ணுவாள். படத்தைக் கேள்வி கேட்கக் கூடாது. கேட்டால் வேலை ஓடாது. எங்களைப் பார்த்து இந்த முறையைப் பிடித்துக்கொண்ட கடைகள் கோவையில் இரண்டு மூன்று இருக்கின்றன.

இன்று பின்பால் சப்ளைக்குப் படம் வரைந்தேன். நான்கு தரம் வரைந்தேன். போனில் ஒன்பது போட்டோ எடுத்தேன். போர்டிலேயே பிளஸ் என்று அச்சடித்திருக்கிறது, பழைய கெப்பாசிட்டரின் தலையிலும் இருக்கிறது, மீட்டரை வைத்துப் பார்த்தாலும் டயோடின் பிளஸ்ஸுக்குத்தான் போகிறது. பாலிடெக்னிக் முதல் வருடப் பெண் செய்வாள் இதை. எனக்கு அரை நாள் ஆயிற்று.

சாயங்காலம் பிலோமினா கேட்டாள். "பழைய படநோட்டு எங்க புள்ள? கால் எட்டாத கெப்பாசிட்டருக்கு ஒரு செம்புத் தகடு வெட்டிப் போட்டமே, அந்த அளவு அதுல இருக்குது."

"கரையான் அரிச்சுப் போச்சு," என்றேன்.

"அச்சச்சோ," என்றாள். நம்பிவிட்டாள். எங்கள் கடை காங்கிரீட் கட்டடம், முதல் மாடி. கரையானுக்கு அங்கே என்ன வேலை? அவள் அதைக்கூட யோசிக்கவில்லை. நான் சொன்னால் அப்படியே எடுத்துக்கொள்கிறாள்.

ஏப்ரல் 11, வெள்ளி

விபத்தைப் பற்றி எழுதாமல் இந்த டைரி நகராது போலிருக்கிறது.

இரண்டு வருடத்துக்கு முன் பிப்ரவரியில், திருப்பூர் எம்பிராய்டரி மெஷின் போர்டு ஒன்று. நான்கு கெப்பாசிட்டர் மாற்றினோம். அதில் ஒன்று தலைகீழாக ஏறிவிட்டது. பிளஸ்ஸும் மைனஸும் மாறினால் உள்ளே ஆவி கட்டி வெடிக்கும். விளக்கு எரிகிறதா என்று அவள் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தாள். அலுமினிய மூடி பறந்து கண்ணில் அடித்தது. பத்து நாள் ஆஸ்பத்திரி. கண்ணைக் காப்பாற்ற முடியவில்லை.

சால்டர் பண்ணியது அவள். படத்தை மாற்றிப் பார்த்துவிட்டாள் என்று எல்லோரும் சொல்கிறார்கள். அவளும் அதைத்தான் சொல்கிறாள்.

எழுதிவிட்டேன். மனசு ஒன்றும் லேசாகவில்லை. அந்த டாக்டர் பெண்ணிடம் திருப்பிக் கேட்க வேண்டும்.

ஏப்ரல் 13, ஞாயிறு

குருத்தோலை ஞாயிறு. சர்ச்சிலிருந்து நேரே வீட்டுக்கு வந்தாள், ஓலைச் சிலுவையும் வடையும் எடுத்துக்கொண்டு. நான் காபி போட்டேன். சும்மா பேசிக்கொண்டிருந்தவள், டம்ளரைப் பார்த்தபடியே சொன்னாள்:

"நேத்து பாவசங்கீர்த்தனம் பண்ணினேன். ஒரே பாவத்த ரெண்டு வருசமா சொல்லீட்டிருக்கேன், ஃபாதருக்கே சலிச்சுப் போயிருக்கும்."

"நீயென்ன பாவம் பண்ணினே?"

"என்ற மேலயே எனக்குக் கோவம். என்ற கையால என்ற கண்ணக் கெடுத்துக்கிட்டேனே, அந்தக் கோவம் போகமாட்டேங்குது. இன்னொண்ணு என்னன்னா, கண்ண மூடினா அந்தப் படம் தெரியுது. பிளஸ் எடது பக்கம் போட்டிருக்குது. நல்லாத் தெரியுது. ஆனா ஆஸ்பத்திரி விட்டு வந்து நோட்டப் பாத்தா வலது பக்கம் இருக்குது. அப்ப எனக்கு மூளையில ஏதோ ஆயிப்போச்சு புள்ள. இல்லாதது இருக்கற மாதிரித் தெரியுது. இப்பிடிப்பட்டவ கையில ஒருத்தர் போர்ட எப்பிடிக் குடுக்கறது? ஹாஸ்டல்னா அரிசி அளந்து போடறது, பிள்ளைகளை எழுப்பி விடறது. அதுல யாருக்கும் ஒண்ணும் ஆகாது."

நான் காபி ஆறுகிறது, குடி என்றேன். அதைத்தான் சொன்னேன்.

அவள் போன பிறகு வடையைத் தொட முடியவில்லை. இவர், என் வீட்டுக்காரர், ஏன் சாப்பிடவில்லை என்று கேட்டார். எண்ணெய் அதிகம் என்றேன்.

ஏப்ரல் 14, திங்கள்

வருடப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி, பருப்பு வடை, பாயசம். எல்லாம் செய்தேன், கோவிலுக்கும் போனேன். சாமிக்கு முன்னால் நிற்கப் பிடிக்கவில்லை, வெளியே செருப்பைப் பார்த்துக்கொள்கிறேன் என்று நின்றுகொண்டேன்.

இதை எழுதிவிடுகிறேன்.

அன்று நான் கழற்றியபின்தான் வரைந்தேன். கழற்றும் முன் வரைய வேண்டும் என்பது நான் போட்ட சட்டம். அவசரம். திருப்பூர்க்காரன் கீழே வண்டியை நிறுத்திக்கொண்டு ஹாரன் அடிக்கிறான். நான்கையும் கழற்றித் தட்டில் போட்டுவிட்டு போர்டைப் பார்த்து வரைந்தேன். போர்டில் வட்டம் போட்டுப் பாதி வட்டத்துக்கு வெள்ளை அடித்திருக்கும். வெள்ளை அடித்த பாதி மைனஸ், உலகம் பூராவும் அப்படித்தான். அந்த ஒரு கம்பெனிக்காரன் மட்டும் பிளஸ் பக்கம் வெள்ளை அடிக்கிறான். எனக்கு அது தெரியும். மூன்றை நினைப்போடு சரியாக வரைந்தேன், நான்காவதில் பழக்கம் கையை இழுத்துக்கொண்டு போய்விட்டது. பிளஸ்ஸை இடது பக்கம் போட்டேன்.

அவள் அயர்னை வைக்கும் முன் கேட்டாள். "சரிதான புள்ள?" வழக்கமாகக் கேட்கமாட்டாள், அன்றைக்கு என்னவோ கேட்டாள். "வரைஞ்சது நானு, போடு," என்றேன். சுவிட்சைப் போட்டதும் நான்தான்.

இதுவரை கைத்தப்பு. யாருக்கும் வரும்.

அவளை ஆஸ்பத்திரியில் சேர்த்துவிட்டு மத்தியானம் சாவி எடுக்கக் கடைக்கு வந்தேன். நோட்டு மேஜையில் திறந்தே கிடந்தது. ரப்பரை எடுத்து அழித்தேன். பிளஸ்ஸை வலது பக்கம் போட்டேன். ஏன் செய்தேன் என்று கேட்டால், சேவியர் வந்து பார்ப்பாரோ என்று பயம். அவள் என் முகத்தில் முழிக்கமாட்டாளோ என்று பயம். கண் சரியானதும் சொல்லிவிடலாம் என்றுதான் நினைத்தேன். கண் சரியாகவில்லை. ஒரு மாதம் கழித்து, நோட்டைக் காட்டு என்றாள். காட்டினேன். வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

நோட்டு என் பீரோவில், பட்டுப்புடவைக்கு அடியில் இருக்கிறது.

ஏப்ரல் 15, செவ்வாய்

கெப்பாசிட்டர் வந்துவிட்டது. பதினைந்தாயிரம், முப்பத்தைந்து வோல்ட், நூற்றைந்து டிகிரி. நல்ல கனம். பழையதில் பாதி உயரம்தான், கால் எட்டவில்லை. செம்புத் தகடு வெட்டிக்கொண்டேன்.

அயர்னைச் சூடு பண்ணினேன். கை வைக்க முடியவில்லை. பிளஸ் சரியாகத்தான் இருக்கிறது, பார்த்தாயிற்று. திரும்பப் பார்த்தேன். திரும்பவும். பிலோமினாவைக் கூப்பிட்டு, ஒரு தரம் பாரேன் என்றேன்.

"என்னைய நம்பாத புள்ள," என்று சொல்லிவிட்டு பில் மேஜைக்குப் போய்விட்டாள்.

அயர்னை அணைத்துவிட்டேன்.

ஏப்ரல் 16, புதன்

போஜன் போன் பண்ணினார். பார்ட்ஸ் வரவில்லை என்று சொன்னேன். பார்ட்ஸ் என் எதிரே மேஜையில் இருக்கிறது. பொய் சொல்ல இப்போதெல்லாம் மூச்சுக்கூட வாங்குவதில்லை.

ஏப்ரல் 18, பெரிய வெள்ளி

கடை லீவு. வீடு முழுக்க ஒட்டடை அடித்தேன். பீரோ இருக்கும் அறையை மட்டும் விட்டுவிட்டேன்.

ஏப்ரல் 19, சனி

சொல்லிவிட்டேன்.

கடைக்கு மத்தியானமாக வந்தாள், கையில் ஒரு டிபன் பாக்ஸ். திறந்தால் அவளுடைய சாமான்கள். வளைந்த மூக்கு இடுக்கி, ஜப்பான் கட்டர், அயர்னின் ஊசி முனைகள் ஒவ்வொன்றும் துணியில் சுற்றி. பதினெட்டு வருடமாக வேறு யாரையும் தொட விட்டதில்லை, என்னையும்தான்.

"ஹாஸ்டல்ல இத வச்சு என்ன பண்றது? நீ வச்சுக்க. உன்ற கைக்கு ஆகும்."

எனக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவள் பிரிவுக்கு அழுகிறேன் என்று நினைத்து என் முதுகைத் தடவினாள். அது இன்னும் மோசம். கையைத் தள்ளிவிட்டு, வீட்டுக்குப் போய் நோட்டை எடுத்துவந்தேன். நடந்தால் பத்து நிமிஷம். போகும்போதும் வரும்போதும், ஒரு லாரி வந்து அடித்துவிட்டால்கூடப் பரவாயில்லை என்றுதான் இருந்தது.

அந்தப் பக்கத்தைத் திறந்து வைத்தேன். "பிளஸ் எடது பக்கம்தான் இருந்துச்சு. நீ பாத்தது சரி. நான் அழிச்சுட்டேன்."

புரியவில்லை அவளுக்கு. "என்னத்த அழிச்சே?"

எல்லாவற்றையும் சொன்னேன். வெள்ளை அடித்த பாதி, கழற்றியபின் வரைந்தது, ரப்பர், எல்லாம். அவள் நோட்டைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பிடித்தாள். இடது பக்கம் பென்சில் அழுத்திய தடம் தெரிந்தது. விரலை வைத்துத் தடவிப் பார்த்தாள், பிளஸ் மாதிரியே, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று.

"எனக்குப் பைத்தியம் இல்ல," என்றாள். என்னிடம் இல்லை. தனக்குத்தானே.

நான் காலில் விழுந்தேன். நாற்பத்தெட்டு வயதில் அப்படி யார் காலிலும் விழுந்ததில்லை. அவள் எழுப்பவும் இல்லை, தள்ளவும் இல்லை. பேசினாள், சத்தமே இல்லாமல்.

"தப்பா வரைஞ்சதுக்கு நான் ஒண்ணும் சொல்லமாட்டேன். நானே எத்தன தப்பு வரைஞ்சிருக்கேன், நீ பாத்துத் திருத்தியிருக்கே. கண்ணு போச்சு, சரி, போச்சு. ரெண்டு வருசமா நான் அடுப்ப அணைச்சனான்னு அழுதுட்டே ரோட்டுல பாதி வழி திரும்பி ஓடியிருக்கேன் வசந்தா. என்ற மருமவ புள்ளையத் தூக்கக் குடுத்தா, வேண்டாம் கீழ போட்டுருவேன்னு வாங்கமாட்டேன். பேரப் புள்ளைய. அதெல்லாம் உன்கிட்டத்தான வந்து சொன்னேன். நீ காபி குடுத்துட்டு உக்காந்திருந்தே."

உக்காந்துதான் இருந்தேன்.

டிபன் பாக்ஸை மூடினாள். நோட்டையும் அதையும் எடுத்துக்கொண்டு படி இறங்கிப் போய்விட்டாள். பூட்டை இழுத்துப் பார்க்க அவள் இல்லை, நானே பூட்டினேன்.

ஏப்ரல் 20, ஞாயிறு

ஈஸ்டர். வருடா வருடம் கேக் வரும். வரவில்லை. நான் எதிர்பார்க்கவும் இல்லை என்று எழுத நினைத்தேன். வாசலை நான்கு தரம் எட்டிப் பார்த்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்

அவள் கடைக்கு வரவில்லை.

ஏப்ரல் 22, செவ்வாய்

வரவில்லை. இவரிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "அந்தப் பொம்பளை உன் பிரசவத்துக்குக் கூடவே இருந்து பாத்தவ," என்றார். தெரியும். எனக்குத் தெரியாதா.

ஏப்ரல் 23, புதன்

சேவியர் வந்தார். அடிக்கத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன். வாசலிலேயே நின்று சொன்னார்:

"மூணு நாளா வீடு பூரா சால்டர் புகை. பழைய ரேடியோ போர்ட வச்சுட்டு உக்காந்திருக்கா. சோறு தண்ணி இல்ல. ஒத்தக் கண்ணுல முனை எங்க படுதுன்னு தெரியறதில்லையாம், மொதல்ல ஈயக்கம்பிய வச்சு, கம்பி மேலயே அயர்ன வழுக்கி எறக்கறா. நேத்து அறுவது எடம் வச்சதுல மூணுதான் தப்பு." படி இறங்கத் திரும்பியவர் நின்றார். "ரெண்டு வருசம் நானுந்தான் அவளைக் கவனமில்லாதவன்னு பேசினேன். நீங்க பேச வெச்சுட்டீங்க." அப்புறம் இறங்கிப் போய்விட்டார். அடித்திருக்கலாம்.

ஏப்ரல் 24, வியாழன்

பத்து மணிக்கு வந்தாள். நேரே பெஞ்சுக்குப் போய் என் ஸ்டூலில் உட்கார்ந்தாள். டிபன் பாக்ஸிலிருந்து தன்னுடைய முனையை எடுத்து அயர்னில் மாட்டினாள். பாதுகாப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டாள். புதிது, விலைச் சீட்டுகூடக் கிழிக்கவில்லை.

நான் வரைந்த நான்கு படங்களை நீட்டினேன். வாங்கவில்லை. போர்டைத் திருப்பி, மீட்டரை வைத்து, டயோடிலிருந்து தானே தேடிக்கொண்டு வந்து பிளஸ்ஸைக் கண்டுபிடித்தாள். ஒரே ஒரு தரம். அப்புறம் கெப்பாசிட்டரைத் தகட்டில் உட்கார வைத்து, சுண்டுவிரலைப் போர்டில் ஊன்றி, ஈயக்கம்பியை வைத்து, அயர்னை இறக்கினாள். ஈயம் உருகி உட்கார்ந்த விதத்தைப் பார்த்தேன். கண்ணாடி மாதிரி இருந்தது. நான் போட்டால் அப்படி வராது. எப்போதும் வந்ததில்லை.

"தள்ளி நில்லுங்க," என்றாள். என்னிடம்தான். 'புள்ள' எல்லாம் போய்விட்டது.

சுவிட்சைத் தானே போட்டாள். சத்தம் இல்லை, புகை இல்லை. கார் பல்பு எரிந்தது. மீட்டரில் ஏசி அரை வோல்ட். இன்னொரு பல்பையும் சேர்த்துப் போட்டாள். அசையவில்லை. பதினைந்தாயிரம் என்று அவள் தேர்ந்தெடுத்தது சரியாக இருந்தது.

மீட்டரை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் தோள் குலுங்கியது. பக்கத்தில் போகக் கால் எடுத்தேன், வைத்த இடத்திலேயே நிறுத்திக்கொண்டேன்.

போகும்போது சொன்னாள்: "குன்னூர் சிஸ்டருக்குப் போன் பண்ணி வரலைன்னு சொல்லிட்டேன். மெஷின்ல மாட்டிக் குடுக்க ஊட்டிக்கு நான் வர்றேன். அதோட சரி."

ஏப்ரல் 28, திங்கள்

ஊட்டிக்குப் போனோம். ஒரே பஸ், அவள் முன் சீட்டு, நான் பின்னால். பர்லியாறில் பஸ் நின்றபோது இறங்கித் தனக்கு மட்டும் டீ வாங்கிக் குடித்தாள்.

போஜனின் கூடம் ஏரிக்கரை மேட்டில், தகரக் கூரை, நல்ல குளிர். பின்பால் மெஷின் கடைசி மூலையில் மூடி கழற்றி வாய் பிளந்து நின்றது. பிலோமினா சப்ளையை உள்ளே இறக்கித் திருகினாள். வயர்களை ஒவ்வொன்றாக மாட்டினாள். டார்ச் பிடிக்கட்டுமா என்று கேட்டேன். போஜனைக் கூப்பிட்டுப் பிடிக்கச் சொன்னாள். கண்ணாடியில் விரல் ரேகையாக இருந்தது, நான் துணி கேட்டு வாங்கித் துடைத்தேன்.

சுவிட்சைப் போட்டாள். விளக்குகள் வரிசையாக ஏறி வந்தன, மணி அடித்தது. போஜன் குண்டை விட்டு, இரண்டு பொத்தானையும் சேர்த்து அமுக்கினார். மெஷின் சாகவில்லை. திரும்பவும் அமுக்கினார், படபடவென்று, சின்னப் பையன் மாதிரி. ஸ்கோர் ஏறிக்கொண்டே போனது. "போதும் சாமி, கை வலிக்குது," என்று தனக்கே சொல்லிக்கொண்டு இன்னும் ஆடினார்.

"நீங்க ஆடுங்கம்மா," என்றார் அவளிடம்.

ஆடினாள். ஒற்றைக் கண்ணுக்கு வேகமாக வரும் குண்டு பிடிபடாது என்று நினைத்தேன். முதல் குண்டு நடுவில் விழுந்துவிட்டது. இரண்டாவதும் விழுந்தது. மூன்றாவதை வெகு நேரம் விடவில்லை. விழுந்தபோது சிரித்தாள், மெஷினைப் பார்த்து.

போஜன் போனை எடுத்தார். "இதுபோல இன்னும் ரெண்டு மெஷின் குன்னூர் கிளப்புல கெடக்குது, எடுக்கலாம்னு பாக்கறேன். கூப்பிட நம்பர் சொல்லுங்க. ரெண்டு பேரோடதும் போட்டுக்கறேன்."

"என்றது மட்டும் போதுங்க," என்றாள் பிலோமினா. "வீட்டுலயே தனியா பெஞ்சு போடறேன்."

பத்து எண்ணையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள். சரியாகப் போட்டாரா என்று எட்டிக்கூடப் பார்க்கவில்லை. என்னைக் கேட்கவும் இல்லை.

அவர் என்ன பெயரில் போட்டுக்கொள்ளட்டும் என்று கேட்டார். பிலோமினா போர்டு சர்வீஸ் என்றாள்.

நான் துணியை மடித்துத் திரும்பக் கொடுத்தேன். அங்கே எனக்கு வேறு வேலை இருக்கவில்லை.